எட்டு வாத்துக்கும் கட்டு

ஏலிக்குட்டி சேச்சி ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் அறையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் மனிதர்களைக் கைவிட்டுவிட்டார். எங்கள் குட்டநாட்டு வாய்க்கால்கரையில் எந்தக் கோழி நொண்டினாலும், எந்த வாத்து ஒற்றைக்காலில் நின்றாலும், அவர் மடிக்குத்தான் வரும். அவர் கணவர் ஔதக்குட்டி அச்சாயன் வரப்பில் வழுக்கிக் காலைக் கிழித்துக்கொண்டு வந்தபோது, "சோப்புப் போட்டுக் கழுவுங்க, சரியாப்போகும்" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்த கோழியின் காலைத் திருப்பிப் பார்த்தார். அச்சாயன் அதை மறக்கவில்லை. நானாக இருந்தாலும் மறக்கமாட்டேன்.

அவர்கள் வீட்டில் எட்டு வாத்துகள். அதில் ஒன்றின் பெயர் மெம்பர். ஊரில் எது நடந்தாலும், பஞ்சாயத்து மெம்பர் மாதிரி, முதல் குரல் அதனுடையது. ஈஸ்டர் நோம்பு முடியப் பதினைந்து நாள் இருக்கும்போது மெம்பரின் இடது உள்ளங்காலில் கறுத்த பொருக்குக் கட்டி வீங்கிவிட்டது. அச்சாயன் அதைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்:

"முட்டையும் இல்ல, நடையும் இல்ல. ஈஸ்டருக்கு இவளத்தான் வறுக்கணும்."

சேச்சி அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். உப்பு வெந்நீரில் காலை ஊறவைத்தார். பொருக்கை எடுத்தார். சீழை வழித்தார். களிம்பு, பஞ்சு, அதன்மேல் துணி. துணி, பக்கத்து வீட்டில் இருக்கும் என் தையல்கடையில் மிஞ்சிய நீலச் சீருடைத் துணி. வாத்துக்கு விரலிடையில் தோல் இருப்பதால் பாதத்தையே பொட்டலம் மாதிரி கட்ட வேண்டும். தினமும் கட்டு மாற்றி, கூடைக்கடியில் தனியாக வைத்திருந்தார்.

பெரிய வெள்ளியன்று வெளியே விட்டார். மற்ற ஏழும் ஓடிவந்து நீல முடிச்சைக் கொத்தின. சேச்சி எங்கள் வேலியோரம் வந்தார்.

"ஏடி லில்லி, இன்னும் ஏழு துண்டு துணி குடு."

"ஏழுக்கும் புண்ணா சேச்சி?"

"புண்ணுமில்ல, மண்ணுமில்ல. எல்லாருக்கும் இருந்தா எவ எவளக் கொத்துவா?"

சனிக்கிழமை காலை அச்சாயன் கத்தியோடு முற்றத்துக்கு வந்தார். எட்டு வாத்துகள். எட்டுக்கும் இடது காலில் நீலக் கட்டு.

"ஏலீ! என்னடி இது, வார்டே திறந்துட்டியா?"

"ஒண்ணுக்கு மட்டும் கட்டினா மத்ததெல்லாம் கொத்துது."

"இதுல நொண்டி எது?"

"பதினஞ்சு நாளா கண்ணு வச்சது நீங்கதானே. கண்டுபிடிங்க."

அச்சாயன் "மெம்பரே!" என்று கூப்பிட்டார். எட்டும் பதில் சொல்லின.

சரி, நடையைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தார். புதிதாகக் கட்டிய ஏழும் சேற்றை மிதித்தது போல் காலைத் தூக்கித் தூக்கி உதறின. கட்டு பழகிப்போன மெம்பர் மட்டும் நேராக நடந்தது. நான் தையலை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்து நின்றேன். துணி என்னுடையது. அதைவிட, எனக்கு மெம்பரைப் பிடிக்கும்.

அச்சாயன் நொண்டுகிற ஒன்றைப் பிடித்துக் கட்டை அவிழ்த்தார். நல்ல கால். விட்டார். அடுத்தது. அதுவும் நல்ல கால். ஏழு கட்டையும் அவிழ்த்து முடித்து, எட்டாவதை வெகுநேரம் பார்த்தார்.

"இது நல்லா நடக்குதே. இத எதுக்கு அவுக்கணும்?" கத்தியைச் சுவரில் சாய்த்தார். "நம்ம வீட்ல நொண்டியே இல்ல போல. நாளைக்குக் கரிமீன் வாங்கிடறேன்."

சேச்சி உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தார். எனக்குக் கேட்டது.

ஈஸ்டர் அன்று என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஆப்பமும் கரிமீனும். அச்சாயன் தலை நிமிராமல் முள் எடுத்துக்கொண்டே சொன்னார்:

"ஏலீ, மெம்பரோட கட்டு நேத்திலேர்ந்தே ஈரமா இருக்கு. சாப்பிட்டதும் மாத்திடு, மறுபடி சீழ் வச்சிடும்."

சேச்சி சட்டியில் இருந்ததிலேயே பெரிய மீனை எடுத்து அவர் தட்டில் வைத்தார். பிறகு பஞ்சு எடுக்கப் போனார்.