உப்பு பார்க்கும் உத்தியோகம்

எங்கள் வீட்டுச் சமையலறையில் பிள்ளைகளுக்கு இரண்டு உத்தியோகங்கள் இருந்தன. வெங்காயம் உரிப்பது எனக்கு, உப்பு பார்ப்பது தம்பிக்கு. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு முறம் நிறையச் சின்ன வெங்காயம் உரிப்பேன். அவன் குழம்பு கொதித்து இறங்கும் நேரத்துக்கு மகாராஜா மாதிரி வந்து நிற்பான். அம்மா ஒரு கைச் சோற்றில் குழம்பை விட்டு, நெய் தொட்டுப் பிசைந்து, ஊதி ஊதி அவன் வாயில் வைப்பாள்.

“உப்பு பாரு சாமி, ஜாஸ்தியா கம்மியா?”

அவன் கூரையைப் பார்த்தபடி மென்று, யோசித்து, தீர்ப்புச் சொல்வான். எனக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரியும்.

எனக்கு ஏன் தருவதில்லை என்று கேட்டால், “உனக்கு வேலை தெரியுது. அவனுக்கு நாக்குதான் தெரியுது” என்பாள். இது எந்த ஊர் நியாயம்? ஊறப்போட்டு உரித்தால் தோல் சுலபமாகக் கழலும், வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டால் கண் அவ்வளவாக எரியாது என்று நானும்தான் எவ்வளவோ கற்று வைத்திருந்தேன். கேட்க நாதி இல்லை.

ஒரு பௌர்ணமிக்கு, கிரிவலம் சுற்றக் கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தை வந்தார். காலையெல்லாம் நான் உரித்த வெங்காயத்தில்தான் அன்று சாம்பார். ஒரு வாய் சாப்பிட்டதுமே, “உப்பு கரெக்டா கீதே அண்ணி, யாரு பார்த்தது?” என்றார். அம்மா தம்பியைக் காட்டினாள். அவ்வளவுதான், அவனை இழுத்து மடியில் போட்டு முத்தமாகக் கொட்டினார். பிறகு அவனுடைய குச்சிக் கையைப் பிடித்துப் பார்த்து, “கொழந்த இன்னும் தேறலையே” என்று உச்சுக்கொட்டினார். வெங்காயம் உரித்தவளைப் பற்றி ஒரு பேச்சு? மூச்!

மறுநாள் நான் வேலைநிறுத்தம் செய்தேன்.

“இனிமே உப்பு நான்தான் பாப்பேன். இல்லன்னா நீயே உரிச்சுக்கோ.”

அம்மா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டுக் குழம்பை என் உள்ளங்கையில் விட்டாள். எனக்குச் சோறும் இல்லை, நெய்யும் இல்லை. பரவாயில்லை என்று நக்கிப் பார்த்து, “கம்மி” என்றேன். அம்மா ஒரு சிட்டிகை உப்பை எடுத்துப் போட்டாள். நான் சொல்லி, குழம்பில் உப்பு விழுந்தது! கால் தரையில் பாவவில்லை.

பிறகு அம்மா தம்பிக்குச் சோறு பிசைந்து எடுத்துப் போனாள். அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

“அக்காதான் பார்த்துட்டா இல்ல. எனக்கு எதுக்கு?”

அம்மா கெஞ்சினாள், காக்கா காட்டினாள். சாமியார் வந்து பிடித்துக்கொண்டு போவார் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். தெருவுக்குப் பத்துச் சாமியார் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊரில் சாமியாருக்குப் பயப்படும் பிள்ளை ஏது? ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் சரியாகச் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். எனக்கோ ஒரே கொண்டாட்டம். பதவி போன துக்கம், நன்றாக அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அம்மா குழம்பை இறக்கியதும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிண்ணத்தோடு நேரே அவனிடம் போனாள்.

“அக்காவுக்கு சரியா சொல்லத் தெரியலடா கண்ணு. நீயே பாரு.”

அடப்பாவி அம்மா! அவன் ஒரு வாய் வாங்கினான். “தெரியல, இன்னொரு வாட்டி” என்றான். கொடுத்தாள். மறுபடியும் தெரியவில்லையாம். மறுபடியும் கொடுத்தாள். ஒரே சொட்டில் நான் சொல்லிவிடக்கூடியதை, இந்த மண்டுவுக்குக் கிண்ணம் காலியாகும் வரை சொல்லத் தெரியவில்லை. அம்மாவோ கோபப்படாமல், முகமெல்லாம் பூரித்து ஊட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் நிலைப்படியில் உட்கார்ந்து, அவன் வாங்கிய ஒவ்வொரு வாயையும் வயிற்றெரிச்சலோடு எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.