முழங்கால் மடங்கிய பிறகும்

அன்று வலி பெரிதாக இல்லை. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வலி இல்லை என்பதை வைத்துத்தான் நானும் அதைச் சின்ன அடி என்று நினைத்துக்கொண்டேன்.

தாம்பரத்தில் ஒரு பள்ளியின் சிமென்ட் தளத்தில் மாலைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை எம்பிப் பிடித்து இறங்கினேன். வலது பாதம் ஊன்றிய இடத்திலேயே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்றவளுக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னாள்.

எழுந்து நாலடி நடந்தேன். ஐந்தாவது அடியில் முழங்கால் யாருடையதோ போலப் பக்கவாட்டில் விலகியது. உட்கார்ந்துவிட்டேன். பயிற்சியாளர் தனபால் சார் வந்து அழுத்திப் பார்த்தார். சுளுக்குதான், ஐஸ் வை என்றார். வீடு போய்ச் சேர்வதற்குள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

எண்பதுகளின் பிற்பகுதி அது. எனக்கு இருபத்தொரு வயது. பெயர் ஜெயசீலி. பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. அப்பா தாம்பரத்தில் ஒரு பணிமனையில் பிட்டர். என் உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். கதவு நிலைக்கும் பஸ் கூரைக்கும் குனிந்தே பழகிய நான் நிமிர்ந்து நின்ற ஒரே இடம் கூடைப்பந்துத் தளம்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஆடுவதற்கென்று சம்பளம் கிடையாது. வேலைதான் சம்பளம். சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் என்னை எடுத்திருந்தது. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியத்துக்கு மேல் ஆட்டம். முதல் இரண்டு ஆண்டுகள் ப்ரொபேஷன். அதற்குள் அலுவலக அணிக்கு ஆட முடியாமல் போனால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நான் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அலுவலக அணிக்கும் தனபால் சார்தான் பயிற்சியாளர்.

இரண்டு நாள் கழித்து அப்பாவும் சாரும் என்னைக் குரோம்பேட்டையில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். வீக்கத்தில் தேங்கியிருக்கும் நீரை எடுக்கிறேன் என்று டாக்டர் ஊசியைக் குத்தினார். குழலில் ஏறியது நீர் இல்லை, ரத்தம். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். என்னைப் படுத்திருக்கச் சொல்லிவிட்டு வெளியே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று ஆண்களின் குரல்கள் வெகுநேரம் கேட்டன. சொற்கள் கேட்கவில்லை.

திரும்பி வந்தது சார் மட்டும். மூன்று வாரம் ஓய்வு, அப்புறம் ஓர் ஊசி, ஆடலாம் என்றார். அவருக்குப் பின்னால், திறந்த கதவுக்கு வெளியே, அப்பா ஒரு பழுப்பு உறையை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ரசீது என்று நினைத்தேன்.

அந்த ஊசி ஸ்டீராய்டு (வீக்கத்தையும் வலியையும் அடக்கும் மருந்து, அறுந்ததை ஒட்ட வைக்காது). முக்கியமான போட்டிகளுக்கு முன்னால் போட்டார்கள். போட்ட மறுநாள் கால் லேசாகிவிடும். முழங்காலைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினேன். நன்றாகவே ஆடினேன், அதுதான் கொடுமை. முதல் சீசனில் கோப்பை வாங்கினோம். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் இறங்கும்போது மட்டும் முழங்கால் திடீரென்று விலகும். கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். பின்னால் வருபவர்கள் திட்டிக்கொண்டே சுற்றிப் போவார்கள்.

வலது காலைக் காப்பாற்ற இடது காலில் பாரம் போட்டதில், அடுத்த ஆண்டு இடது கீழ்க்காலில் அழுத்த முறிவு வந்தது (ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப பாரம் விழுவதால் எலும்பில் உண்டாகும் மயிரிழை விரிசல்). எக்ஸ்ரேயில் முதலில் தெரியவில்லை. நடிக்கிறேன் என்று சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் நடிக்கவில்லை என்று காட்டுவதற்காக இன்னும் இரண்டு வாரம் ஓடினேன். அடுத்த எக்ஸ்ரேயில் தெரிந்தது.

அது ஆறியது. ப்ரொபேஷன் முடிந்து வேலை நிரந்தரமானது. அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தாள். அதற்குப் பிறகும் ஊசி நிற்கவில்லை. மாநில அணிக்கு என்னைத் தேர்ந்தெடுக்கப்போவதாகப் பேச்சு இருந்தது.

வெளியூரில் ஒரு போட்டி. தாழ்ந்து வந்த பந்துக்குக் குனிந்தேன். வலது முழங்கால் மடங்கியபடியே பூட்டிக்கொண்டது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. நாற்காலியோடு தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். சென்னைக்கு ரயிலில் அந்த வளைந்த காலோடுதான் வந்தேன்.

அரசு மருத்துவமனையில் எலும்புப் பிரிவின் டாக்டர் நரைத்த மீசைக்காரர், அதிகம் பேசாதவர். பூட்டிய காலை மயக்க மருந்து கொடுத்து விடுவித்த பிறகு, முழங்காலை மடக்கி வைத்து, கீழ்க்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். மேசையின் இழுப்பறை போல அது முன்னால் வந்தது. நானே பார்த்தேன்.

முன்குறுக்கு நார் (தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் இழுத்துக் கட்டியிருக்கும் நார்) இல்லவே இல்லை என்றார். அது இல்லாமல் ஆடியதால் பிறைக் குருத்தெலும்பும் (எலும்புகள் உரசாமல் நடுவில் இருக்கும் மெத்தை) கிழிந்து மடிந்து மூட்டில் சிக்கியிருக்கிறது. அதில் பெரும்பகுதியை எடுத்தாக வேண்டும்.

பழைய காகிதங்களைக் கொண்டுவரச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, பீரோவில் என் சான்றிதழ்களோடு இருந்த எல்லா உறைகளையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வந்தாள். அப்பா அன்று வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். அந்தப் பையைப் பார்த்ததும் எழுந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து பழுப்பு உறை ஒன்றில் நின்றார். மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முன்குறுக்கு நார் அறுந்திருக்கு, ஆடவே கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்காரே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க சார்," என்றார் அப்பா.

காகிதத்தின் அடியில் அவர் கையெழுத்தும் இருந்தது. விளைவுகளை அறிந்தே ஊசிக்குச் சம்மதிப்பதாக.

பிறகு வெளியே தாழ்வாரத்தில் ஒரு ஸ்ட்ரெச்சரில் நான் படுத்திருந்தேன். அம்மா ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் அதுவரை தெரியாது. அப்பா என் தலைமாட்டில் நின்றார். அவர் முகம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

"ரெண்டு வருஷம் தாண்டணுமேன்னுதாம்மா," என்றார். "வேல பூட்டா இன்னா பண்ணுவ நீ? இந்த ஹைட்டுக்கு மாப்ள எங்க கெடைக்கும்னு உங்கம்மா டெய்லி அழுதுகினு கெடந்தா. வேலையாவது கைல இருக்கட்டும்னு நெனச்சேன்."

"வேலை பர்மனென்ட் ஆன அன்னைக்கு சொல்லியிருக்கலாமேப்பா."

"அப்பறம் எப்டி சொல்றதுன்னு தெரில," என்றார்.

முழங்கால் சில்லுக்குக் கீழே இருந்த நாரில் ஒரு பட்டையை வெட்டி எடுத்து, அறுந்த நாரின் இடத்தில் வைத்துத் தைத்தார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி தொடையிலிருந்து கணுக்கால் வரை ஆறு வாரம் மாவுக்கட்டு. அதை வெட்டித் திறந்தபோது உள்ளே இருந்தது என் கால் இல்லை. தொடை என் கை அளவுக்குச் சூம்பியிருந்தது. செத்த தோல் செதில் செதிலாக உதிர்ந்தது. முழங்கால் கட்டைபோல விறைத்து நின்றது.

இதே அறுவை சிகிச்சையை எதிர்நோக்கியிருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கத்தி வைக்கும்போது தெரியாது. உண்மையான வேதனை அதற்குப் பிறகுதான், காலை மடக்கும்போது. குப்புறப் படுக்க வைத்து, குதிகாலைப் பின்புறத்தை நோக்கித் தள்ளுவார்கள். உள்ளே ஒட்டிக்கொண்ட திசுக்கள் ஒவ்வொன்றாகப் பிரியும். பிரிவது காதுக்குக் கேட்கும்.

தினமும் வீட்டில் இதைச் செய்ய ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் பிசியோதெரபிஸ்ட். அம்மா முன்னால் வந்தாள்.

"அப்பா செய்யட்டும்," என்றேன்.

விடிந்ததும், வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், அப்பா கையைக் கழுவிக்கொண்டு என் கட்டிலுக்கு வருவார். முதல் நாள் நான் கத்தியதும் கையை எடுத்துவிட்டார்.

"நிறுத்தாதீங்க. அழுத்துங்க," என்றேன்.

தலையணையைக் கடித்துக்கொண்டால் சத்தம் வெளியே வராது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் கடிக்கவில்லை. அவர் காதில் விழட்டும் என்றுதான் கத்தினேன். முப்பது முறை தள்ள வேண்டும். அவர் எண்ணுவார். இருபதைத் தாண்டும்போது அவர் குரல் உடைந்திருக்கும். ஒருநாள் என் பாதத்தின் மேல் சூடாக ஏதோ சொட்டியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா ஒருமுறை, இன்றைக்கு நான் செய்கிறேன் என்று வந்தாள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

நான்கு மாதம் ஆனது. ஒருநாள் நான் தனியாகவே ரயிலேறிப் பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அளந்து பார்த்தார். வேண்டிய அளவு மடங்கிவிட்டது, இனி யாரும் தள்ள வேண்டாம், நீங்களே மெல்லப் பயிற்சி செய்தால் போதும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் நான் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அப்பா வந்தார். நான் குப்புறப் படுத்துக் காலை நீட்டினேன். அவர் தள்ளினார். இப்போது அவ்வளவு வலி இல்லை. ஆனாலும் கத்தினேன். அதற்கு மறுநாளும் அப்படித்தான். ஏழு வாரம்.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கோபம் நியாயமானது என்று இன்றும் நினைக்கிறேன். அந்த ஏழு வாரத்தில் அது கோபமாக இல்லை. அவர் வந்து நிற்கும் நேரத்துக்காக நான் காத்திருக்கத் தொடங்கியிருந்தேன்.

அடுத்த பரிசோதனைக்கு அப்பாவும் கூட வந்தார். டாக்டர் காலைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். சீட்டைப் புரட்டினார்.

"தள்ளுறத நிறுத்தி ரெண்டு மாசம் ஆகப்போகுது, இல்லையா? பிசியோ எழுதியிருக்கார்."

அப்பா அந்தச் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஆமா சார்," என்றார் அப்பா. "அன்னிக்கே நிறுத்திட்டோம்."

திரும்பும்போது ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பல்லாவரம் தாண்டியது. பிறகு அவர், கூட்டமாக இருக்கும், இறங்கும்போது தன் தோளைப் பிடித்துக்கொள் என்று மட்டும் சொன்னார். பிடித்துக்கொண்டேன். அந்தச் சட்டைக்கு உள்ளே எலும்பு தட்டுப்பட்டது. எப்போது இவ்வளவு மெலிந்தார் என்று தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் பழக்கத்தில் குப்புறப் படுத்திருந்தேன். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டது. அவர் வேலைக்குப் போய்விட்டார்.

அறுவை சிகிச்சை முடிந்து ஓர் ஆண்டுக்குப் பிறகு தளத்துக்குத் திரும்பினேன். டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார். பத்து நிமிடம் ஆடினேன். பந்து எங்கே விழும் என்று கண்ணுக்கு முன்பு போலவே தெரிந்தது. கால் போய்ச் சேர்வதற்குள் அங்கே வேறொருத்தி நின்றாள். தனபால் சார் விசில் ஊதி என்னை ஓரமாக அழைத்தார்.

"போதும்மா. நீ ஆபீஸ்ல ஒக்காந்து பைல் பாரு. அதான் பர்மனென்ட் ஆயிடிச்சே, உனக்கென்ன கவலை."

பழுப்பு உறையில் இருந்த அந்தக் காகிதத்தைப் பற்றிக் கேட்டேன். மறைக்கவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கியதாகச் சொன்னார்.

"உங்கிட்ட சொல்லியிருந்தா மட்டும் நீ ஆடாம இருந்திருப்பியா?"

ஒருவேளை ஆடியிருப்பேன். அறுந்த காலோடு, அறுந்தது தெரிந்தே, நானாக ஊசியைக் கேட்டு வாங்கியிருப்பேன். அந்த முடிவைத்தான் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். நார் போனதைவிட எனக்கு இது பெரியது. அதனால் இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் உடம்பைப் பற்றி எழுதிய காகிதம் உங்கள் கைக்கு வரட்டும். படிக்கத் தெரியாவிட்டால், வீட்டைச் சேராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது தொண்ணூறுகள் முடியப்போகின்றன. அதே அலுவலகத்தில் இரண்டாம் மாடியில் வேலை பார்க்கிறேன். அப்பா ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். அந்த ஏழு வாரத்தைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் அவரிடம் கேட்கவில்லை. அவர் காப்பாற்றிக் கொடுத்த வேலையில்தான் மூன்று பேரும் சாப்பிடுகிறோம்.

மெத்தை போய்விட்டதால் முழங்காலுக்குள் எலும்பும் எலும்பும் உரசுகின்றன. நாற்பதுக்குள் அது அறுபது வயது மூட்டாகிவிடும் என்றார் டாக்டர். என் உடம்பில் எல்லாப் பாகங்களும் ஒரே வயதில் இல்லை. என் கண்ணும் கையும் முப்பதைத் தாண்டித்தான் இருக்கின்றன. வலது முழங்கால் அப்பாவின் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறது.

முன்பு எழ வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை, எழுந்துவிடுவேன். இப்போது நினைப்பதற்கும் எழுவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. கையை மேசையில் ஊன்றி, பாரத்தை இடது பக்கம் மாற்றி, உள்ளே அந்த உரசல் தொடங்கி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். எதிர் மேசையில் இருப்பவர்கள் மூச்சு வாங்குகிறேன் என்று நினைக்கிறார்கள். மூச்சு சரியாகத்தான் இருக்கிறது. கால் வந்து சேரட்டும் என்று நிற்கிறேன்.