புள்ளிக்குப் பின்னால் இருபத்து மூன்று

போன வாரம் வேலூர்க் கோட்டைக்கு எதிரே, பழைய புத்தகக் கடையில் என் பழைய எதிரியைப் பார்த்தேன். தோல் பதனிடுவதைப் பற்றிய தடித்த இங்கிலீஷ் புத்தகம். முதுகில் ஒட்டிய சீட்டில், மசி மங்கிப்போய் 675.23 என்ற எண். உள்ளே நான் படித்த கல்லூரியின் முத்திரை. அதன்மேல் ‘நீக்கப்பட்டது’ என்று இன்னொரு முத்திரை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்துக் கடைக்காரர், “புடிக்கலன்னா வெச்சிடு பெரியவரே, இன்னாத்துக்கு மொறைக்கிறே?” என்றார். நாற்பது வருஷத்துக் கோபம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது!

தோல் அட்டை. மூக்கருகே கொண்டுபோனதும் ஆம்பூர் வந்துவிட்டது. ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் கலந்த அந்த நெடியை எங்கள் தெருவில் யாரும் நாற்றம் என்று சொன்னதில்லை. இன்டர்மீடியட் படிக்க வேலூருக்குப் போன பிறகு, பக்கத்தில் உட்கார்ந்தவன் தள்ளித் தள்ளி உட்கார்ந்தபோதுதான் என் சட்டைக்கு ஒரு வாசனை உண்டு என்பதே எனக்குத் தெரிந்தது. அப்பா ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில், கட்டுகளின்மேல் பிரஷ்ஷால் எண் எழுதுகிற வேலையில் இருந்தார்.

அந்த நாளில் லைப்ரரி அலமாரிப் பக்கம் மாணவன் போக முடியாது. ஒரு ஜன்னல்தான். பெட்டியில் உள்ள அட்டைகளைப் புரட்டி, புத்தகத்தின் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி ஜன்னலுக்குள் நீட்ட வேண்டும். எண் தப்பென்றால் சீட்டு திரும்பிப் பறந்து வரும். இந்த எண்ணை எப்படிப் படிப்பது சார் என்று கேட்டேன். “காலேஜுக்கு வந்துட்டே, இதுகூடத் தெரியாதா?” என்றார் லைப்ரரியன். தெரிந்தால் ஏன் கேட்கிறேன்? மூன்று வாரம் அந்த அட்டைகளோடு மல்லுக்கட்டி நானேதான் கற்றுக்கொண்டேன். 675 என்றால் தோல். புள்ளிக்குப் பின்னால் வருவது அதன் உட்பிரிவு. அதனால் 675.23 எப்போதும் 676-க்கு முன்னால்தான் நிற்கும். இது விளங்கிய அன்று நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

எங்கள் ஊர்த் தொழிலைப் பற்றி வெள்ளைக்காரன் என்ன எழுதியிருக்கிறான் பார்ப்போம் என்றுதான் இந்தப் புத்தகத்தை எடுத்தேன். ஆம்பூர் என்ற பேரே இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஹால் டிக்கெட்டை நிறுத்திவிட்டார்கள். அலமாரியில் அந்தப் புத்தகம் இல்லையாம். “திருப்பிக் குடுத்துட்டேன் சார்” என்றேன். “தோல் ஷாப்புலேருந்து வர்ற பசங்களுக்குப் புக்கோட அருமை எங்க தெரியும்? வித்துத் தின்னுருப்பே” என்றார் லைப்ரரியன், நாலு பேர் கேட்க. எங்கள் தெருவிலிருந்து அந்தப் பரீட்சைக்குப் போகும் முதல் ஆள் நான். அப்பாவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

புத்தகங்களை அடுக்குகிறவர் காதர் பாய். புதிதாகச் சேர்ந்தவர். அவரும் ஆம்பூர்தான், தோல் மண்டியில் கட்டு அடுக்கி இடுப்பு போய் இந்த வேலைக்கு வந்தவர். ஜன்னல் ஓரமாக அவரைப் பிடித்தேன்.

“நீ குடுத்தே தம்பி, நான்தான் வாங்கி வெச்சேன். எங்க வெச்சேன்னு தெரியல, பேஜாரா கீது.”

“எப்படி அடுக்குவீங்க பாய்?”

“சின்ன நம்பர் முன்னால, பெரிய நம்பர் பின்னால. மண்டில மாதிரிதான்.”

“நடுவுல புள்ளி இருக்குதே?”

“அது மசி சிந்துனது இல்லியா?”

எனக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது. மண்டியில் எண்ணுக்கு நடுவே பிரஷ் சொட்டினால் யார் அதைப் பார்ப்பார்கள்? என் அப்பாவும் இப்படித்தான் அடுக்கியிருப்பார். காதர் பாய்க்கு அது அறுபத்தேழாயிரத்து ஐந்நூற்று இருபத்து மூன்று. லைப்ரரியோ 999-இல் முடிந்துவிடுகிறது. “கடைசி அலமாரியில, 999-க்கும் பின்னால பாருங்க பாய்” என்றேன்.

கீழ்த்தட்டில் இருந்தது. கூடவே, தொலைந்துபோனதாகக் கணக்கெழுதிய இன்னும் பதினொரு புத்தகங்கள். எல்லாமே புள்ளி வைத்தவை. சின்னதிலிருந்து பெரியது வரை, ஒன்றுகூட வரிசை பிசகாமல்.

“யார் இங்க வெச்சது?” என்று கத்தினார் லைப்ரரியன்.

“நான்தான் சார். புள்ளிக்கு அர்த்தம் கீதுன்னு எனக்கு யாரும் சொல்லல.”

சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். அன்று சாயங்காலமே அவரை வேலையை விட்டுத் துரத்தினார்கள். ஹால் டிக்கெட் ஜன்னல் வழியாக வந்தது. வித்துத் தின்றவன் என்று சொன்ன வாயிலிருந்து ஒரு வருத்தம்கூட வரவில்லை. ‘சொல்லிக் கொடுக்காதது உங்கள் தப்பு’ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கையில் ஹால் டிக்கெட் இருந்தது. விழுங்கிவிட்டேன். வாசலில் காதர் பாய், “நல்லா எழுது தம்பி” என்றார். தலையை நிமிர்த்தி அவரைப் பார்க்க முடியவில்லை. லைப்ரரியன்மேல் எவ்வளவு கோபமோ, அவ்வளவு கோபம் எனக்கு என்மேலும் உண்டு.

இப்போது அந்த ஜன்னல் இல்லை. துண்டுச் சீட்டு இல்லை. பிள்ளைகள் நேரே அலமாரிக்குப் போகிறார்கள். எண்ணை எப்படிப் படிப்பது என்று சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள், புள்ளியைச் சிவப்பில் போட்டு. அந்த ஒரு பலகையை அன்றைக்கு எழுத யாருக்குக் கை வலித்தது? காதர் பாய் என்ன ஆனார் என்று பிறகு ஆம்பூரில் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பின்னட்டைக்குள் தேதி போடும் தாள் அப்படியே ஒட்டியிருக்கிறது. அதில் நான் எடுத்த தேதி மட்டும்தான் இருக்கிறது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒருத்தரும் தொடாத இந்தப் புத்தகத்துக்காகவா ஐயா அந்த மனுஷனைத் துரத்தினீர்கள்?