சங்கரலிங்கம் அண்ணாச்சி கேட்ட திருத்தம்

சனிக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் காபிக்குச் சொல்லிவிட்டு நின்றிருந்தபோது ராஜபாளையத்திலிருந்து போன் வந்தது. சங்கரலிங்கம் அண்ணாச்சியின் மகள் பேசினார். "அப்பா விடியக்காலம் தவறிட்டாவ மாமா. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுதேன்" என்றார். எண்பத்து மூன்று வயது என்றதும், கல்யாணச் சாவுதானே என்று பக்கத்தில் நின்றவர் ஆறுதல் சொன்னார். எனக்கு அது எடுபடவில்லை. அண்ணாச்சி என்னிடம் வெகுகாலமாகக் கேட்டுவந்த ஒரு காரியத்தை நான் செய்யவே இல்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மெக்கானிக்காக இருந்தவர். ஷிப்ட் முடிந்த கையோடு சைக்கிளில் ஊரைச் சுற்றி, இந்தப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபராகச் செய்தி சேகரித்தவர். கண்மாய் உடைப்பு, நகராட்சிக் கூட்டம் எல்லாம் எழுதினார். ஆனால் உயிர் கார் பந்தயத்தில் இருந்தது. சொந்தமாக ஒரு மொபெட்கூட வாங்காத மனிதர், ஆண்டுதோறும் லீவு போட்டு ரயிலேறிச் சென்னைக்குப் பக்கத்தில் கார் பந்தயம் நடக்கும் சோழவரம் ஓடுதளத்துக்குப் போய்விடுவார்.

கழுத்தில் ஸ்டாப்வாட்ச், காது இரண்டிலும் மில்லிலிருந்து கொண்டுபோன பஞ்சு. கடைசி வண்டி கோட்டைத் தாண்டும்வரை அந்தப் பஞ்சை எடுக்க மாட்டார். ஜெயித்தவருக்குக் கூட்டம் மாலை போட்டுக்கொண்டிருக்கும். இவர் கடைசியாக வந்தவரிடம் பெயரும் ஊரும் கேட்டுக்கொண்டிருப்பார். "மொத ஆளப் பத்தி எல்லாரும் எழுதுவான். கடைசி ஆளு வீட்டுலயும் பேப்பர் வாங்குதாவல்லா?" என்பார்.

ஒரே ஒருமுறை அந்த வழக்கம் தவறியது. தவற வைத்தவன் நான்.

அப்போது நான் மதுரை அலுவலகத்தில் துணையாசிரியர். தேவதானத்து விவசாயி மகன் தங்கராஜ், ஒரு பழைய காரைத் தானே பிரித்துப் பூட்டிச் சோழவரத்துக்குக் கொண்டுபோயிருந்தார். நம் பக்கத்து ஆள் ஓட்டுகிறார் என்று அண்ணாச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஆறு மணிக்குள்ள டிரங்க் கால் வரலைன்னா செய்தி கிடையாது அண்ணாச்சி" என்று முன்பே கறாராகச் சொல்லியிருந்தேன். மழையால் பந்தயம் தாமதமானது. மூன்று சுற்று மிச்சமிருக்கையில் தங்கராஜின் வண்டி புகைவிட்டு ஓரத்தில் நின்றது. மணியைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி போனுக்கு ஓடினார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'தேவதானம் தங்கராஜ் பாதியில் விலகினார்.'

பேசி முடித்து அண்ணாச்சி திரும்பிப் போனபோது, கூட்டம் கலைந்த ஓடுதளத்தில் தங்கராஜ் வண்டியைக் கிளப்பி மிச்சச் சுற்றுகளையும் ஓட்டிக்கொண்டிருந்தார். மடித்த கொடியை மறுபடி விரித்து அசைத்தார்களாம்.

உடனே மறுபடி போன் செய்தார். பக்கம் அச்சுக்குப் போயிருந்தது. மறுநாள் நேரிலேயே வந்து திருத்தம் போடச் சொன்னார். நான் சிரித்தேன். "கடைசியா வந்தவருக்கு என்ன அண்ணாச்சி திருத்தம்? யார் கேக்கப்போறா?"

அவர் சண்டை போடவில்லை. தேவதானத்துக்குச் சைக்கிளில் போய், டீக்கடையில் நின்று, தங்கராஜ் முழுப் பந்தயமும் ஓட்டினார் என்று சொல்லியிருக்கிறார். "நீங்க சொல்லுதிய. ஆனா பேப்பர்ல போட்டிருக்கே?" என்று கேட்டார்களாம். தங்கராஜுக்குப் 'பாதிவண்டி' என்று பேர் விழுந்தது. பெண் கேட்டுப் போன வீடுகளுக்கும் அந்தப் பேர் முந்திக்கொண்டு போயிருந்தது. பிறகு அவர் பந்தயத்துக்கே போகவில்லை.

அதன்பின் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணாச்சி "திருத்தம் என்னாச்சு?" என்பார். "பாப்போம் அண்ணாச்சி" என்பேன். நான் செய்தி ஆசிரியரானேன், ஓய்வும் பெற்றேன். ஒரு வரி போடும் அதிகாரம் எத்தனையோ ஆண்டுகள் என் கையில் இருந்தது. போட்டால் என் தப்பும் வெளியே வரும் என்ற பயம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. சென்ற மாதம் பார்த்தபோது அண்ணாச்சிக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக இல்லலே, அந்தத் தங்கராஜுக்காக" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மதியம் அவர் வீட்டில், மூக்கிலும் காதிலும் பஞ்சு வைத்துக் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சின்மேல் ஸ்டாப்வாட்ச் இருந்தது. கால்மாட்டில் ஒல்லியான பெரியவர் ஒருவர் அழுதுகொண்டு நின்றார். "பாதிவண்டி, செத்த தள்ளி நில்லும்யா" என்று யாரோ சொன்னார்கள். அவர் மறுபேச்சில்லாமல் தள்ளி நின்றார். நான் அருகில் போய், அந்த வரியை அச்சில் ஏற்றியவன் நான்தான் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அவிய எனக்காக எம்புட்டோ அலைஞ்சாவ. இப்பவாவது போடுவியளா?" என்று மட்டும் கேட்டார்.

போடுகிறேன். அதே பத்திரிகையில், அண்ணாச்சியின் அஞ்சலிக்குக் கிடைத்த இந்த இடத்தில்:

சோழவரம் பந்தயத்தில் தேவதானம் தங்கராஜ் பாதியில் விலகினார் என்று வந்த செய்தி தவறு. எல்லாச் சுற்றுகளையும் அவர் ஓட்டி முடித்தார். திருத்தம் வராமல் போனதற்கு நிருபர் காரணமல்ல, நானே காரணம்.

அண்ணாச்சி, கடைசி வண்டியும் கோட்டைத் தாண்டிவிட்டது. காதுப் பஞ்சை எடுத்துவிடுங்கள். போய் வாருங்கள்.