ஒழுங்கைக்குள் வந்த ட்ரெயிலர்

என் மனுசனுக்கு முதலாளியாகும் விசர் பிடித்தது எழுபதுகளின் நடுவில். அதுவரை திருகோணமலைத் துறைமுகத்தில் ட்ரெயிலர் ஓட்டிக்கொண்டிருந்தார். முன்னுக்கு இழுக்கிற தலை, பின்னுக்குக் கொக்கியில் பூட்டிய நீட்டுத் தட்டு, அதுதான் ட்ரெயிலர். வேலை என்ன, பெரிய வேலை! கப்பலடியில் மூட்டை ஏற்றி, ஒரு வாசலால் வெளியே போய், களஞ்சியத்தில் இறக்கிவிட்டு, மற்ற வாசலால் உள்ளே வருவது. பன்னிரண்டு வருடமும் அதே வட்டம். கொழும்பு ஓட்டமும் கண்டி ஓட்டமும் இவருக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களுக்குப் போயின.

"அந்த ஓவசியருக்கு என்னில எரிச்சல். வேணுமெண்டே என்னைச் சுத்த விடுறான்" என்று சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து பொருமுவார். அவன், இவன் எல்லாம் எங்கள் குசினிக்குள் மட்டும்தான். ட்ரைவர்மாருக்கு ஓட்டம் பிரித்துக் கொடுக்கிற அந்த ஓவசியரின் வீடு அன்புவழிபுரத்தில், எங்கள் ஒடுக்கமான ஒழுங்கை முட்டி நிற்கிற முடிவில், எங்கள் வீட்டுக்கு அடுத்ததாகவே இருந்தது. வெளியில் அவரைக் கண்டால் இவருக்கு முதுகு தானாக வளையும். "ஓம் சேர், சரி சேர்" என்று குழைவார். எனக்குப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் வந்து, "இஞ்சரும், வேலையை விட்டிட்டன். சொந்தமா ட்ரெயிலர் வாங்கி ஓடப்போறன். இனி என்ர சீவியத்தில ஒருத்தனையும் சேர் எண்டு கூப்பிட மாட்டன்" என்றார்.

"முதல்ல வாங்குங்கோ. பிறகு கூப்பிடாமல் விடலாம்" என்றேன்.

கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் முதலாளி ஒருவர், எல்லோரும் காக்கா என்று கூப்பிடுகிற மனிதர், சீனக்குடாப் பக்கம் ஒரு பழைய ட்ரெயிலரை நிறுத்தி வைத்திருந்தார். அதைப் பார்க்க இவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கண்டறியாத லொறி! பெயின்ற் உரிந்து, ஒரு பக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது. இவரோ பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சில்லுக்குக் காலால் ஒரு உதை, எஞ்சினுக்குக் காது, பிறகு ஏறி அந்த வெளியைச் சுற்றி ஒரு ஓட்டம். வேர்த்து விறுவிறுக்க இறங்கியவரிடம் முதலாளி, "ஒருக்கா பின்னுக்கும் எடுத்துப் பாருங்களேன் தம்பி" என்றார்.

"நான் பின்னுக்குப் போறதுக்கோ, காக்கா, லொறி வாங்கிறன்?" என்று இவர் கேட்டார். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்து எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

முதல் ஓட்டம் கந்தளாய்க்கு, உர மூட்டை. விடிய துறைமுக வாசலில் லொறி நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அந்த ஓட்டம் முழுவதையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஓட்டம் தந்த கொந்துறாத்துக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார். துறைமுக வேலையும் கையில் இல்லை. இது தவறினால் இவருக்குப் போக்கிடம் இல்லை.

அதற்கு முதல் நாள் மத்தியானம் மச்சாள், இவரின் அக்கா, வந்து குந்திக்கொண்டாள். புது வாகனம் வீட்டு வாசலுக்கு வந்து, தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் நசித்த பிறகுதானாம் ஓட வேண்டும். "பெரிய றோட்டில விட்டு நசியுங்கோவன். தேசிக்காய்க்கு இடம் தெரியவோ போகுது?" என்றேன். என் கதையை யார் கேட்டது? இவருக்குத் தேசிக்காய் ஒரு சாட்டு. ஓவசியர் அந்த நேரம் சாப்பிட வீட்டுக்கு வருவார், அதுதான் விசயம். எங்கள் வாசலோடு நிற்க வேண்டிய லொறியை ஒழுங்கையின் முடிவு வரை கொண்டுபோய், ஓவசியரின் படலைக்கு முன்னால் நிறுத்தி, ஊரே அதிர ஹோர்ன் அடித்தார். ஓவசியர் விறாந்தைக்கு வந்தார், பார்த்தார், வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போனார்.

அங்கேயே தேங்காய் சிதறியது, கற்பூரம் எரிந்தது, முன்சில்லுகள் தேசிக்காய்களை நசித்தன. எல்லோரும் ஆளுக்கொரு வாழைப்பழமும் தின்றார்கள். அதற்குப் பிறகுதான் லொறி வெளியே போக வேண்டும் என்ற ஞாபகம் வந்தது.

திருப்ப இடமில்லை. பின்னுக்குத்தான் எடுக்க வேண்டும். ஸ்டியரிங்கை இடப்பக்கம் வெட்டினால் பின்தட்டு வலப்பக்கம் போனது. வலப்பக்கம் வெட்ட, அது எங்கள் முருங்கையை முறித்துக்கொண்டு மதிலில் சாய்ந்தது. சைக்கிள்கூட ஓடத் தெரியாத பக்கத்து வீட்டுத் தையல்காரர் பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று கையாட்டினார். மச்சாள் முன்னால் நின்று "ஐயோ நில்லடா!" என்று கத்தினாள். முன்னுக்கு ஒரு முழம், பின்னுக்கு ஒரு முழம் என்று பொழுது சாயும்வரை இதே கூத்து. கடைசியில் தலை ஒரு பக்கமும் தட்டு ஒரு பக்கமுமாக மடிந்துபோய் நின்றது. இவர் இறங்கி வந்து படியில் இருந்தார். "பின்னுக்கு எடுத்ததே இல்லையப்பா. அந்த வட்டத்தில அதுக்கு வேலையே வரேல்லை" என்றார். பகல் முழுக்கச் சிரித்த எனக்கு அப்போதுதான் சிரிப்பு நின்றது. விடிந்தால் உர மூட்டை.

ஒரு வழிதான் இருந்தது. ஓவசியரின் வளவு மறுபக்கம் பெரிய றோட்டைத் தொட்டது. அவர் வேலியைப் பிரிக்க விட்டால் லொறி முன்னுக்கே போய்விடலாம். இவர் அசையவில்லை. நான்தான் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

ஓவசியர் மறுக்கவில்லை. ஆளைக் கூப்பிட்டு வேலியைப் பிரிக்கச் சொன்னார், இரண்டு வாழையையும் வெட்டச் சொன்னார். நல்ல மனிதர்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்தார்.

"உமக்குப் பின்னுக்கு எடுக்க வராது எண்டு நீர் வேலைக்கு வந்த முதல் கிழமையே எனக்குத் தெரியும். அதாலதான் உம்மை அந்த வட்டத்தில விட்டனான்."

என்னால் பொறுக்க ஏலவில்லை.

"தெரிஞ்சால் ஏன் ஐயா இத்தனை வருசத்தில ஒரு நாளாவது பழக்கிவிடேல்லை?"

அவர் கோபிக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுபோலச் சொன்னார். "பழக்கியிருந்தா வேற இடம் பார்த்துப் போயிருப்பார், பிள்ளை. ஒரு நாளும் மட்டம் போடாத ஆள். எனக்கு இவரை விட ஏலுமே?"

அதை அவர் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். எனக்கு அந்த மனிதரின் வெற்றிலைத் தட்டை எடுத்து அவர் தலையிலேயே கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. பன்னிரண்டு வருடம்! இதற்கு என்ன சொல்லப்போகிறார் என்று என் மனுசனைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் சால்வையைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "பெரிய உபகாரம் சேர்" என்றார்.