ஐலி கவிழ்க்காத சீட்டு

பியூட் நகரத்துச் சீட்டுக் கிளப்பில் ஐலிக்குச் சம்பளமே உட்கார்ந்திருப்பதற்குத்தான். போக்கர் மேசை காலியாகக் கிடந்தால் வருகிறவன் வாசலோடு திரும்பிவிடுவான். அதனால் ஆள் குறைந்தால் அவள் உட்கார வேண்டும். கூட்டம் சேர்ந்தால் எழுந்து இடம் விட வேண்டும். வைத்து ஆடுகிற பணம் மட்டும் அவளுடையது. கேட்பதற்குச் சுகமான வேலைதான். அப்படி நினைக்கிறவர்கள் வெர்லுக்கு எதிரே ஒரு மத்தியானம் உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

வெர்ல் சரளை லாரிக்காரன். தொண்டை பெரிது, மூளை அவ்வளவு இல்லை. அவன் மச்சான் மிலோ அவனுக்கு ஜால்ரா. எந்த இரண்டு சீட்டு வந்தாலும் இருவரும் விடமாட்டார்கள், கடைசிவரை பணம் கட்டிக்கொண்டே வருவார்கள். மூன்று பேர் ஆட்டத்தில் கொஞ்சம் தாராளமாக ஆடலாம் என்பார்கள். பயந்து மடிக்கிறவனிடம், சீட்டைக் கவிழ்த்துப் போட்டு விலகுகிறவனிடம், அது செல்லும். மடிக்கவே தெரியாத இந்த ஜென்மங்களை எதைக் காட்டி மிரட்டுவது? ஆகவே ஐந்து, ஆறு என்று சில்லறை வந்தால் ஐலி கவிழ்த்துப் போட்டுவிடுவாள். ஆஸோ ராஜாவோ, நல்ல ஜோடியோ வந்தால்தான் பந்தயத்தை ஏற்றி வைப்பாள். அவர்களும் வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே வந்து பணத்தை அழுதுவிட்டுப் போவார்கள்.

"மறுபடியும் மடிச்சிட்டாளா! லாண்டரில வேலை பாத்தவதானே, கை சும்மா இருக்குமா?" என்பான் வெர்ல்.

"அழுக்கைப் பாத்தா மடிக்க மாட்டேன் வெர்ல், தூரத்தான் போடுவேன்," என்பாள் ஐலி.

அவனை அவளுக்கு அடியோடு பிடிக்காது. அவன் மிளகாய் வெங்காய நாற்றம், ஈரப் பூட்ஸ், அந்தச் சிரிப்பு, எதுவுமே பிடிக்காது.

அன்று வெளியே பனி. வெர்ல் காலையிலிருந்து தோற்று, கடைசி அடுக்கு டோக்கனில் வந்து நின்றான். கிளப் முதலாளி டன்ஸ்டன் ஐலியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தான்.

"நீ ஜெயிக்கிறே, அவன் எழுந்து போறான், மேசை மூடுது. இதே கதையாப் போச்சு. இன்னிக்கும் அவன் எழுந்தான்னா நீயும் எழுந்துக்க, நாளைக்கு வராதே."

அறுபத்து மூன்று வயதில், வீங்கின முழங்காலோடு, அந்த ஊரில் வேறு எவன் வேலை கொடுப்பான்? 

மிலோ சிகரெட்டுக்கு வெளியே போனான். இருவர் மட்டும் மிஞ்சினார்கள். சீட்டு விழுந்தது. வெர்ல் தன் சீட்டைத் தொடக்கூட இல்லை. இருந்த டோக்கன் அத்தனையையும் நடுவில் தள்ளினான்.

"பாக்காமலே வைக்கிறேன். மடி கெழவி, மடி! உனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே!"

ஐலி சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு ஆஸ். அடுத்ததும் ஆஸ். அதைவிடப் பெரிய ஜோடி கிடையாது.

பதிலுக்குப் பணம் கட்டினால் அநேகமாக அவன் ஒழிந்தான், அவளும் ஒழிந்தாள். சத்தமில்லாமல் கவிழ்த்துப் போட்டால் அவன் இளிப்பான், வேலை பிழைக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கவிழ்க்க வேண்டியதுதான். புத்தி அப்படித்தான் சொன்னது. பாழாய்ப்போன கைதான் கேட்கவில்லை. இரண்டு ஆஸையும் மலர்த்தி அவன் முன்னால் போட்டாள்.

"எடுத்துக்க. கட்ட மாட்டேன். மாட்டை ஒரேயடியா வெட்டிட்டா நாளைக்கு எதைக் கறக்கிறது?"

சீட்டுப் போடுகிற பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். பாரில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வெர்ல் தன் சீட்டைப் புரட்டினான்: ஒன்பதும் நாலும். காது மடல் வரை சிவந்தது. தோற்றுத் தோற்று வராத கோபம், ஜெயித்தபோது வந்தது. டோக்கனை வாரித் தொப்பியில் போட்டுக்கொண்டான்.

"இந்த மூதேவி இருக்கிற எடத்துல இனிமே காலை வைக்க மாட்டேன், டன்ஸ்டன்."

மேசை காலி. டன்ஸ்டன் கதவைப் பார்த்தான், அவ்வளவுதான். ஐலி தன் நாற்காலி மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தாள்.

லாரி உறுமிக்கொண்டு நின்றது. வெர்ல் கண்ணாடியை இறக்கினான்.

"மூடிப் போட்டிருந்தா உன் வேலை இருந்திருக்கும்டி. எதுக்குக் காட்டினே?"

"நீ பாக்கத்தான்," என்றாள் ஐலி. மெத்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பனியில் நடந்தாள்.