நெல், எலி, எங்கள் வீடு

"எலி புடிக்கிற வூட்டுப் பொண்ணுக்கு பயாலஜி எதுக்கு?" என்று, நான் பதினோராம் வகுப்பில் சேர்ந்தபோது பக்கத்து வீட்டு மாமா கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் படித்த நான் இப்போது நெய்வேலியில் பயாலஜி டீச்சர்.

இன்று கடைசி பீரியட். கால் கடுத்தது. போர்டில் புல், மான், புலி என்று எழுதி, ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மேலே போகும் என்றேன்.

"மீதி எங்க மிஸ் போவுது?" என்றாள் ஒருத்தி.

அப்போது வெளியே சருகு கொளுத்திய புகை உள்ளே வந்தது.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் அறுத்து முடித்த வயலில், அப்பா எலி வளைக்குள் வைக்கோல் புகையை ஊதுவார். காலையெல்லாம் தோண்டினால் நாலைந்து எலிகள் கிடைக்கும். அம்மாவோ எலி சேர்த்து வைத்திருந்த கதிர்களை முறத்தில் அள்ளுவார்.

"எலி பின்னாடியே ஓடிக்கினு இருக்க. அவ்ளோ நெல்லத் தின்னுட்டு இத்தினியூண்டு ஒடம்பு வச்சிருக்குது பாரு. இந்தக் கதிருல நமக்கு ரெண்டு நாளு கஞ்சி ஆவும்" என்பார் அப்பாவிடம்.

"அப்போ ராவிக்கு நீ கறி திங்காத" என்பார் அப்பா.

நாங்கள் எலி தின்றதை இந்தப் பள்ளியில் யாரிடமும் சொன்னதில்லை. புல்லையும் மானையும் புலியையும் அழித்துவிட்டு, 'நெல், எலி, எங்கள் வீடு' என்று எழுதினேன்.